தாய்மடிப் பள்ளி





இவ்வாரத் தியானத்திற்கு உபாகமம் ஆறாம் அதிகாரம், ஆறு ஏழு வசனங்களை எடுத்துக்கொள்வோம். முதலில் உங்கள் வேதப்புத்தகத்தைத் திறந்து அவற்றை வாசித்துவிடுங்கள். இஸ்ரவேலர் யோர்தானைக் கடக்குமுன் மோசே அவர்களிடம் பேசிய நீண்ட பிரியாவிடைப் பேச்சின் பகுதி அது. கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பை மோசே அங்கே ஆசாரியரிடம் ஒப்படைக்கவில்லை, பெற்றோரிடமே ஒப்படைக்கிறார். அதற்கான வேளைகளையும் அவரே குறிக்கிறார். வீட்டில் அமர்ந்திருக்கும் நேரம், வழியில் நடக்கும் நேரம், படுக்கும் நேரம், எழும் நேரம். இந்த நான்கையும் கவனித்துப் பாருங்கள். இதில் வகுப்பறை இல்லை, கரும்பலகை இல்லை, கட்டணமும் இல்லை. ஒரு சாதாரண நாளில் ஒரு சாதாரண வீட்டில் நடப்பவை மாத்திரமே இருக்கின்றன.

பள்ளிச் சேர்க்கைக் காலமாதலால் இதை எழுதுகிறேன். வீடு சந்திப்புக்கு வரும்போதெல்லாம் இளம் பெற்றோர் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். முதலாவது, பலர் கேட்பது: "ஐயா, பிள்ளைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இன்னும் எல்.கே.ஜி.யில் சேர்க்கவில்லை. பின்தங்கிவிடுவானோ?" இரண்டாவது, சிலரே கேட்பது: "ஐயா, வெளிநாட்டு விசுவாசக் குடும்பங்களைப்போல, நாங்களும் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கலாமா?"

முதற் கேள்விக்கு என் பதில், பயப்படாதீர்கள் என்பது. ஆறு வயதுக்கு முன் வீடே போதுமான பள்ளி. இரண்டாம் கேள்விக்கு என் பதில், ஆறு வயதுக்குப் பின் வேண்டாம் என்பது. இரண்டுக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் செல்லிப்பட்டிலிருந்து காலை ஏழரைக்குப் புறப்படும் வேன்களைப் பார்த்திருக்கிறீர்கள். அதில் பாதித் தூக்கத்தில் சாய்ந்திருக்கும் குழந்தைகளில் சிலர் இன்னும் சரியாகச் சாப்பிடவும் கற்றுக்கொள்ளாதவர்கள். அந்த வேனுக்கும், சீருடைக்கும், புத்தகத்துக்கும், நன்கொடை என்ற பெயரில் வாங்கப்படும் தொகைக்குமாக மகளிர் குழுவில் கடன் எடுத்தவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். திருபுவனையிலும் சேதராப்பட்டிலும் ஷிப்டு முறையில் உழைத்துச் சேர்த்த பணம், நான்கு வயதுப் பிள்ளை கோட்டுக்குள் எழுத்தை அடைப்பதற்குப் போய்விடுகிறது. மழலை வகுப்பு முடிந்தவுடன் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் மாட்டிப் பட்டமளிப்பு விழா நடத்துகிறார்கள். எனக்கு இறையியல் பட்டம் கிடைத்த நாளில்கூட அவ்வளவு புகைப்படம் எடுக்கவில்லை!

கடன் வாங்கிப் படிக்க வைப்பது தவறென்று நான் சொல்லவில்லை. உயர்கல்விக்கு அந்தக் கடன் தேவைப்படும் காலம் வரும். வீட்டில் இலவசமாகக் கிடைப்பதற்காக இப்போதே கடன்படாதீர்கள் என்று மாத்திரமே சொல்கிறேன்.

திருச்சபையின் வரலாற்றில் இதை நன்றாக உணர்ந்திருந்த ஒருவர் கொமேனியஸ். 1592ல் மொராவியாவில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். சகோதரர் ஐக்கியம் என்ற சபையின் போதகராகி, பின்னர் அதன் பேராயரானார். ஐரோப்பாவைச் சூறையாடிய முப்பதாண்டுப் போரில் தன் ஊரையும் வீட்டையும் இழந்தார். கொள்ளைநோயில் இளம் மனைவியும் இரண்டு குழந்தைகளும் மரித்தார்கள். நாடு கடந்து போலந்தில் தஞ்சமடைந்தவர், அங்கே இருந்துகொண்டு ஒரு சிறு நூலை எழுதினார். பிறப்பு முதல் ஆறு வயது வரை குழந்தை எங்கே, எதை, எப்படிக் கற்க வேண்டும் என்பதே அந்நூல். அந்த வயதின் பள்ளிக்கு அவர் கொடுத்த பெயரைத் தமிழில் தாய்மடிப் பள்ளி என்று சொல்லலாம்.

அந்நூலில் என்னை வியப்படையச் செய்வது அவருடைய பாடத்திட்டம். இயற்கை அறிவியல் என்றால் என்ன? தண்ணீர், மண், நெருப்பு, மழை, கல் இவை இன்னதென்று குழந்தை அறிவது. வானியல் என்றால்? சூரியனையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் பெயர் சொல்லிக் காட்டுவது. புவியியல் என்றால்? தன் வீடு எது, வயல் எது, தெரு எது என்று அறிவது. கணக்கு என்றால் எண்ணத் தெரிவது, வடிவியல் என்றால் பெரிது சிறிது தெரிவது. கைத்தொழில் என்றால் ஊற்றுவது, கட்டுவது, அவிழ்ப்பது, எடுத்து வைப்பது. பெரிய சாஸ்திரங்கள் எல்லாவற்றின் வேரும் மூன்று வயதுக் குழந்தையின் கையில் இருக்கிறது என்று அந்தப் பேராயர் கண்டார். பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த ஒரு தகப்பன் எழுதிய நூல் இது என்பதை நினைத்துக்கொண்டு வாசித்தால் அதன் கனிவு புரியும்.

அவருக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் மார்ட்டின் லூத்தர் 1529ல் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோதும், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடேயே எழுதினார். இன்று நாம் அதைத் திடப்படுத்தல் வகுப்புக்கு உரியதாக மாத்திரம் வைத்திருக்கிறோம். வீட்டின் வேலையை முதலில் சபைக்குத் தள்ளினோம். பிறகு பள்ளிக்குத் தள்ளினோம். இப்போது கைப்பேசிக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

"ஐயா, கொமேனியஸ் எங்கே, நாங்கள் எங்கே? எங்களுக்குப் படிப்பே இல்லையே!" என்று சில தாய்மார் சொல்வார்கள். அவர்களுக்கு நம் கடற்கரையில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1706ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அவர் தமிழ் கற்ற விதத்தைக் கேளுங்கள். ஊரிலிருந்த முதிய வாத்தியார் ஒருவரை, தன் மாணவர்களோடு வந்து தன் வீட்டிலேயே பள்ளி நடத்தும்படி கேட்டுக்கொண்டார். பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஜெர்மனியில் இறையியல் கற்று வந்தவர் அவர். சில ஆண்டுகளுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1715ல் அச்சிட்டு முடித்தார். தமிழில் நம் கைக்கு வந்த வேதத்தின் முதற் படி, மணலில் விரல் வைத்த ஒரு வகுப்பு.

அந்த நூற்றாண்டின் இறுதியில், 1789 முதல் சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் விடுதியைக் கண்காணித்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதை அவரும் கண்டார். அவருடைய உதவி ஆசிரியர்கள் அந்த முறையை ஏளனமாக எண்ணினார்கள். பெல் அவர்களை விட்டுவிட்டு, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைச் சிறு பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்க வைத்தார். அந்தச் சிறுவன் அதைச் செய்து காட்டினான். பெல் 1797ல் இங்கிலாந்தில் தன் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவர்கள் இங்கே வந்து கற்றுக்கொண்டு போனதை நாம் பழமை என்று ஒதுக்கிவிட்டு, இன்று விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு தாம்பாளத்தில் சலித்த ஆற்று மணலைப் பரப்புங்கள். குழந்தை விரலால் ஒரு வட்டம் போடட்டும், ஒரு மீன் வரையட்டும். பிழையானால் தாம்பாளத்தை ஒரு தரம் அசைத்தால் போதும், பிழை இருந்த இடம் தெரியாது. சிவப்பு மையால் அடித்துத் திருத்திய நோட்டுப் புத்தகத்தில் அந்த இரக்கம் இல்லை. யோவான் எட்டாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் குனிந்து தரையில் விரலால் எழுதியதையும், அவர் எழுதியது பின்னர் யாருக்கும் சாட்சியாக நிற்காததையும் அந்த வேளையில் நீங்கள் நினைத்துக்கொள்ளலாம்.

நம் சுற்றுவட்டாரம் கைவேலைக்குப் பெயர் பெற்றது என்பதை உங்களில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள்? வில்லியனூர் சுடுமண் வேலைக்கும், இதோ பக்கத்திலிருக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் அரசின் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உலகம் மதிக்கும் இரண்டு கைத்தொழில்கள் நம் சைக்கிள் போகும் தூரத்தில் இருக்கின்றன. நாமோ பிள்ளைக்குப் பெட்டியில் அடைத்த வண்ணப் பிசைமாவை வாங்கிக் கொடுக்கிறோம். குயவனின் வீட்டுக்குப் போகும்படி எரேமியாவுக்குக் கர்த்தர் கட்டளையிட்டார். செய்தியைத் தீர்க்கதரிசியின் வீட்டிலேயே சொல்லியிருக்க முடியும். ஆனாலும் அவரை எழுப்பி, நடக்க வைத்து, சக்கரத்துக்கு முன்னே நிறுத்தி, மண் கெட்டுப்போவதையும் அதே மண் வேறு பாண்டமாவதையும் கண்ணால் காண வைத்தபின்பே பேசினார். பெரியவருக்கே அப்படியென்றால், நான்கு வயதுப் பிள்ளைக்குப் படம் அச்சிட்ட தாளைக் கொடுத்து வண்ணம் தீட்டு என்று சொல்வது எவ்வளவு குறைவானது!

ஆகையால் பிள்ளையோடு களிமண் பிசையுங்கள். அகல் செய்யட்டும், மாடு செய்யட்டும், காலொடிந்த மாடாக இருந்தாலும் இருக்கட்டும். பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து அரைத்து, கொஞ்சம் கஞ்சியோ பசையோ சேர்த்தால் கூழ் ஆயத்தம். ஒரு கிண்ணத்தின் வெளிப்புறத்தில் அதைப் படியவைத்து இரண்டு மூன்று நாள் காயவிட்டு எடுங்கள். காத்திருக்கப் பழகுவதும் அதில் சேர்ந்தே வரும். பனையோலை நம்மூரில் இன்னும் கிடைக்கிறது. கிலுகிலுப்பையும் காற்றாடியும் முடையத் தெரிந்த பாட்டிமார் நம் சபையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். தங்களிடம் கற்பிக்க ஒன்றுமில்லை என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று சொல்லப்படுகிற பெசலெயேல் ஒரு கைவேலைக்காரன் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லைபோலும். பொன்னிலும் மரத்திலும் கல்லிலும் வேலைசெய்யும் திறமையை வேதம் ஆவியானவரின் ஈவாகக் கருதுகிறது.

விளையாட்டைக் குறித்தும் நமக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது. பக்தியுள்ள குடும்பம் என்றால் பிள்ளை அடக்கமாக உட்கார்ந்து வசனம் ஒப்பிக்க வேண்டும் என்று எண்ணுகிறோம். சகரியா, புதுப்பிக்கப்பட்ட எருசலேமைக் குறித்துச் சொல்லும்போது, அதன் வீதிகளில் விளையாடும் ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் அடையாளமாகச் சொல்கிறார். சந்தைவெளியில் பிள்ளைகள் கல்யாண விளையாட்டும் சாவு விளையாட்டும் விளையாடியதையும், அதில் சேராத தோழர்களிடம் அவர்கள் முறையிட்டதையும் நம் ஆண்டவர் கவனித்து உவமையாக்கினார். நின்று பார்க்காதவருக்கு அது தெரிந்திருக்க முடியாது.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து வீதம் எழுபது புளியங்கொட்டை. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகையில் எண்ணுதல், கூட்டல், முன்யோசனை, தோல்வியைத் தாங்குதல், முறை வரும்வரை பொறுத்தல் எல்லாம் ஒருங்கே வருகின்றன. ஐந்தாங்கல் விளையாடும் பிள்ளையின் விரல்கள், பின்னர் பேனா பிடிப்பதற்குத் தாமே ஆயத்தமாகின்றன. கிட்டிப்புள், நொண்டி, தாயம் என்று பெயர்களை நீங்களே அடுக்கிவிடுவீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் புளியங்கொட்டையும் சோழியும் தனியே கொடுக்காதீர்கள், வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும். குன்றிமணியை எந்த வயதுப் பிள்ளைக்கும் விளையாடத் தர வேண்டாம். பளபளப்பான அந்தச் சிவப்பு விதைக்குள் கொடிய நஞ்சு இருக்கிறது.

தோட்டமில்லாத வீட்டுக்கும் ஒரு கொட்டாங்குச்சி உண்டு. அதில் மண்ணிட்டு வெந்தயமோ பச்சைப்பயறோ விதைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு பிள்ளையுடையது. மறுநாளே தோண்டிப் பார்ப்பான், பார்க்கட்டும். அடுத்த விதையைத் தோண்டாமல் விடக் கற்றுக்கொள்வான். விதைத்தவன் தூங்கி எழுந்திருக்கையில் அவனுக்குத் தெரியாமலே பயிர் முளைப்பதைப் பற்றி மாற்கு நான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையை அன்றைய குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். அந்தப் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

பனைமரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பிள்ளையோடு நின்று பாருங்கள். வலசைப் பறவைகள் வரும் குளிர்கால மாதங்களில் ஒரு விடுமுறை நாள் ஊசுடேரிக்குக் கூட்டிப் போங்கள், பேருந்துக் கட்டணம்தான் செலவு. சாலொமோனின் ஞானத்தைச் சொல்ல வந்த 1 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம், கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புச் செடிவரைக்கும், மிருகங்களையும் பறவைகளையும் ஊர்வனவற்றையும் மீன்களையும் குறித்து அவர் பேசியதைச் சொல்கிறது. நம் பிள்ளை டைனோசரின் ஆங்கிலப் பெயரைப் பிழையின்றிச் சொல்கிறான். வாசலில் நிற்கும் மரம் வேம்பா புங்கையா என்று கேட்டால் விழிக்கிறான்.

ஆற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சங்கராபரணி நம் பிள்ளைகளுக்குத் தேவன் தந்த பெரிய பாடப்புத்தகம். ஆயினும் படுகை அணைப் பக்கமோ, மணல் எடுத்த பள்ளங்கள் உள்ள இடத்திலோ பெரியவர் துணையின்றி ஒரு பிள்ளையையும் விடாதீர்கள். வெயில் காலத்தில் கால் நனையும் அளவு ஓடும் நீர், நான்கு அடி தள்ளி ஆள் மூழ்கும் ஆழமாக இருக்கும்.

நம் தமிழ்நாட்டுத் திருச்சபையில் இப்படி ஒரு வீட்டையே பள்ளியாக்கியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1901ல் அவரிடம் ஒரு சிறுமி அடைக்கலம் தேடி வந்தாள். அதன்பின் ஆபத்திலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு, அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். அம்மையார் அவர்களைப் பூக்களோடும் பறவைகளோடும் வளர்ப்புப் பிராணிகளோடும் வளர்த்தார். கோடையில் மேற்கு மலைக்காட்டுக்கு அழைத்துச் சென்றார். இறுதி இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்து 1951ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, அவர் விருப்பப்படி கல்லறைக்கல் வைக்கவில்லை. பறவைகள் நீரருந்தும் ஒரு கல்தொட்டியை வைத்து, தாயைக் குறிக்கும் ஒரே சொல்லை அதில் பொறித்தார்கள். அவர் பெற்ற பிள்ளை ஒன்றும் இல்லை. பிள்ளைகளோடு கூட இருந்தார், அவ்வளவுதான்.

இனி இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு சொன்ன நான், ஏன் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை?

சட்டத்தைப் பொறுத்தவரை, 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அதற்கு முந்தைய வயதில் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் முதல் வகுப்புக்கு ஆறு வயது என்றும், அதற்கு முன் விளையாட்டின் வழியான கல்வி என்றும்தான் சொல்கிறது. அந்தக் கொள்கையின் மற்றப் பகுதிகளைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம், இதில் இருக்கத் தேவையில்லை. வீட்டில் படித்தவர்களும் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகத் தேர்வு எழுத முடியும் என்பதும் உண்மையே.

ஆனால் என் காரணம் சட்டமல்ல. நம் முன்னோரில் பலருக்குப் பள்ளியின் வாசல் அடைபட்டிருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரோடும் ஒரே பாயில் உட்கார்ந்து படிப்பதற்காக எத்தனையோ போதகர்களும் உபதேசியார்களும் ஆசிரியைகளும் அடிபட்டிருக்கிறார்கள். அந்த வாசல் திறந்து சில தலைமுறைகளே ஆகின்றன. வாசலுக்குள் நுழைந்த நாம், மற்றவர் பிள்ளைகளின் பழக்கம் நம் பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று சொல்லி வெளியே வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பேச்சை ஒரு காலத்தில் நம்மைப் பற்றி வேறு சிலர் பேசினார்கள். நம் பிள்ளை, அடுத்த தெருவின் இந்துப் பிள்ளையோடும் இஸ்லாமியப் பிள்ளையோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மதிய உணவைப் பகிர்ந்து வளரட்டும். உப்பு தனிச் சாடியில் இருந்து பயனில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சொல்லக் கடினமானது, ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் வைத்துக்கொள்வது சில வேளைகளில் மறைத்து வைத்துக்கொள்வதாக ஆகிவிடுகிறது. இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, கண்ணோடு கண் பார்க்காத குழந்தை நம் வீடுகளிலும் இருக்கலாம். "அப்பன்கூட நான்கு வயதில்தான் பேசினான்" என்று தள்ளிப்போடாதீர்கள். ஊழியக்காரரிடம் எண்ணெய் பூசி ஜெபிக்க வாருங்கள், மனமாற ஜெபிப்பேன். அதே வாரத்தில் அங்கன்வாடி ஊழியரிடமும் ஜிப்மர் மருத்துவரிடமும் காட்டுங்கள். அங்கன்வாடியைக் கட்டணம் இல்லாததால் தாழ்வாக எண்ணுவோர் உண்டு. எடை பார்ப்பதும், சத்துணவு தருவதும், மற்றப் பிள்ளைகளோடு பாயில் விளையாட விடுவதும் அங்கே நடக்கிறது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு, நான் மேலே சொன்ன தாய்மடியின் நீட்சி அதுதான்.

"வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஏது ஐயா?" என்ற கேள்வி நியாயமானது. ஷிப்டு முடிந்து வந்து சமைத்துத் துவைத்துப் படுக்கும் ஒரு தாயிடம், கைவேலைப் பாடத்திட்டம் போட்டு நடத்துங்கள் என்று சொல்ல நான் துணியமாட்டேன். மோசே குறித்த அந்த நான்கு வேளைகளையே மீண்டும் பாருங்கள். எந்த உழைப்பாளியிடமும் அவை இருக்கின்றன. கீரை ஆயும்போது பிள்ளை பக்கத்தில் இருந்து தண்டையும் இலையையும் பிரிக்கலாம். கடைக்கு நடக்கும்போது வழியிலுள்ள மரங்களை எண்ணலாம். படுக்கும்போது அன்று பார்த்த ஒன்றுக்காகப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் நன்றி சொல்லலாம். தகப்பன்மாருக்கும் சொல்கிறேன், உபாகமம் இதைத் தாய்க்கு மட்டும் எழுதவில்லை. அந்த நேரத்தில் கைப்பேசி கையில் இருந்தால் பிள்ளைக்கு உங்கள் முகம் தெரியாது. சோறு ஊட்டும்போது பிள்ளையின் முன்னே அதை வைப்பதை நிறுத்துங்கள். இரண்டு நாள் அழும், மூன்றாம் நாள் சோற்றைப் பார்த்துச் சாப்பிடும்.

பின்தங்கிவிடுவானோ என்று அஞ்சுகிறவர்கள் யோகெபேத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாணற்பெட்டியிலிருந்து எடுத்த பிள்ளையைப் பாலூட்டி வளர்க்கும்படி பார்வோனின் குமாரத்தி சம்பளம் பேசி அவளிடமே ஒப்படைத்தாள். அந்தத் தாய்க்குக் கிடைத்தவை பால் மறக்கும் வரையிலான சில ஆண்டுகள் மாத்திரமே. அதன்பின் அரண்மனை. எகிப்தின் எல்லாக் கல்வியிலும் மோசே தேறினதாக ஸ்தேவான் சாட்சியிடுகிறார். ஆனாலும் வளர்ந்தபின், தன் சகோதரர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடிமைக் குடிசையில் அதைச் சொல்லிக் கொடுத்தவளுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளுக்கும் இல்லை.

நம் ஞாயிறு பள்ளியும் மாற வேண்டியிருக்கிறது. வசனம் ஒப்பித்தால் மிட்டாய் என்ற முறையை ஆசிரியர்களோடு பேசி மெல்ல விட்டுவிட எண்ணியிருக்கிறேன். மூத்த பிள்ளைகள் வசனம் மனனம் செய்யட்டும். ஆறு வயதுக்குட்பட்டவர்களை அந்த நேரத்தில் வெளியே மரத்தடிக்கு அனுப்புவோம்.

அதன் தொடக்கமாக, வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள பிள்ளைகள் கூடுவார்கள். வில்லியனூரிலிருந்து ஒரு மூட்டை களிமண் வரவழைத்திருக்கிறோம். பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல் தாயோ தகப்பனோ பாட்டியோ தாத்தாவோ உடன் வர வேண்டும். சபையைச் சேராத அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஓலை முடையத் தெரிந்தவர்கள் பனையோலையும் சிறு கத்தியும் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். பழைய உடையே போதும், ஞாயிறு உடை வேண்டாம்.